எரித்தால் மறையுமா கதிரியக்கம்?

தீயில் போட்டால் எல்லாம் ஒழிந்துபோகும் என்று நாம் நினைக்கிறோம். பழைய காகிதம், காய்ந்த இலை, கிழிந்த துணி எதுவானாலும் நெருப்பு பட்டால் ஒரு பிடி சாம்பலாகிவிடும். கதிரியக்கப் பாடம் நடத்தும்போது ஏதாவது ஒரு மாணவர் இதைக் கேட்காமல் இருப்பதில்லை: “ஆசிரியர், கதிரியக்கக் கழிவையும் எரித்துவிட்டால் என்ன?”

கேள்வி சரியானது. உலகில் சில நாடுகள் உண்மையிலேயே அப்படி எரிக்கின்றன. ஆனால் கதிரியக்கத்தை அழிப்பதற்காக அவர்கள் எரிக்கவில்லை. அது ஏன் என்று புரிந்துகொண்டால், படிவம் 3 அறிவியலில் நீங்கள் படிக்கும் ‘அரை ஆயுள்’ தேர்வுக்கு மட்டும் உரிய பாடம் அல்ல என்பதும் புரியும்.

கழிவு எங்கிருந்து வருகிறது?

கதிரியக்கக் கழிவு என்றதும் அணுமின் நிலையம்தான் நினைவுக்கு வரும். மலேசியாவில் அணுமின் நிலையம் இல்லை. பாங்கியில் 1982ஆம் ஆண்டு முதல் இயங்கும் 1 மெகாவாட் ஆய்வு உலை மட்டுமே உண்டு. அது மின்சாரம் தயாரிப்பதற்கானது அல்ல. ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் பயன்படுகிறது.

இருந்தாலும் நம்மிடம் கதிரியக்கக் கழிவு உண்டு. தைராய்டு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் நோயாளிக்கு அயோடின்-131 கொடுக்கிறார்கள். எலும்பையும் இதயத்தையும் படமெடுக்க டெக்னீஷியம்-99எம் செலுத்துகிறார்கள். அந்த நோயாளி குடித்த குவளை, துடைத்த தாள், தாதி அணிந்த கையுறை, படுக்கை விரிப்பு ஆகியவற்றில் சிறிதளவு கதிரியக்கப் பொருள் ஒட்டியிருக்கும். பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களில் கார்பன்-14, டிரிட்டியம் கலந்த திரவங்கள் மிஞ்சும். தொழிற்சாலைகளிலும் ஆய்வு உலையிலும் வடிகட்டிகள், துடைப்புத் துணிகள், பாதுகாப்பு உடைகள் சேரும்.

இவற்றில் பெரும்பாலானவை தாழ்நிலைக் கதிரியக்கக் கழிவுகள். உலகில் சேரும் கதிரியக்கக் கழிவை அளவால் பார்த்தால் சுமார் 90 விழுக்காடு இந்த வகைதான். ஆனால் மொத்தக் கதிரியக்கத்தில் இதன் பங்கு ஏறக்குறைய 1 விழுக்காடு மட்டுமே. இடத்தை நிறைய அடைத்துக்கொள்ளும்; வீரியம் குறைவு. அதனால்தான் இதைச் சுருக்க வேண்டும் என்ற எண்ணமே வந்தது.

தீ எட்டாத இடம்

மரம் எரிவது ஒரு வேதியியல் மாற்றம். அணுக்களின் வெளிப்புறத்தில் இருக்கும் எலக்ட்ரான்கள் இடம் மாறுகின்றன. கார்பன் ஆக்சிஜனோடு சேர்ந்து கரியமில வாயு ஆகிறது. அணுவின் நடுவில் இருக்கும் அணுக்கருவுக்கு எந்த மாற்றமும் ஏற்படுவதில்லை.

கதிரியக்கமோ அணுக்கருவிலிருந்து வருகிறது. நிலையற்ற அணுக்கரு தானாகச் சிதைந்து ஆல்ஃபா, பீட்டா துகள்களையோ காமா கதிர்களையோ வெளிவிடுகிறது. அதைச் சூடாக்கினாலும், குளிரவைத்தாலும், அமிலத்தில் கரைத்தாலும் சிதைவின் வேகம் மாறாது. 1,000 டிகிரி செல்சியஸ் உலைக்குள் போட்ட சீசியம்-137க்கும் அரை ஆயுள் 30 ஆண்டுதான். குளிர்பதனப் பெட்டியில் வைத்தாலும் அதே 30 ஆண்டுதான்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 கிலோகிராம் கையுறைகளிலும் தாள்களிலும் மொத்தம் 10 லட்சம் பெக்கரல் கதிரியக்கம் உள்ளது என்று வைத்துக்கொள்வோம். பெக்கரல் என்பது விநாடிக்கு ஓர் அணுக்கரு சிதைவதைக் குறிக்கும் அலகு. எரித்தபின் 5 கிலோகிராம் சாம்பல் மிஞ்சுகிறது. கதிரியக்கப் பொருள் முழுவதும் சாம்பலிலேயே தங்கியதாகக் கொண்டால், அதன் கதிரியக்கம் இன்னமும் அதே 10 லட்சம் பெக்கரல்.

எரிக்கும் முன் ஒரு கிலோகிராமுக்கு 10,000 பெக்கரல் இருந்தது. இப்போது 2 லட்சம் பெக்கரல். மொத்தம் மாறவில்லை, செறிவு 20 மடங்கு கூடிவிட்டது. அதாவது, சாதாரணக் கையுறையைவிட அதன் சாம்பலை இன்னும் கவனமாகக் கையாள வேண்டும்.

அப்படியானால் ஏன் எரிக்கிறார்கள்? பாதுகாப்பாக வைக்கும் இடம் விலை உயர்ந்தது, கட்டுவதும் கடினம். எரித்தால், கழிவின் தன்மையைப் பொறுத்து, கன அளவு 20 முதல் 100 மடங்கு வரை குறையும். தாள், துணி, எண்ணெய் போன்றவை நாளடைவில் மக்கி வாயு உண்டாக்கும், தீப்பிடிக்கவும் கூடும். சாம்பல் மக்காது, எரியாது. சிமெண்டில் கலந்து கெட்டியாக்கவும் எளிது.

முதல் வழி: காத்திருத்தல்

எல்லாக் கழிவையும் எரிக்க வேண்டியதில்லை. மருத்துவமனைக் கழிவில் பெரும்பகுதிக்குப் பொறுமையே போதும்.

டெக்னீஷியம்-99எம் அரை ஆயுள் 6 மணி நேரம். அயோடின்-131 அரை ஆயுள் 8 நாள். ஓர் அரை ஆயுள் கழிந்தால் பாதி. இரண்டு கழிந்தால் கால். பத்து கழிந்தால் 1,024இல் ஒரு பங்கு. 80 லட்சம் பெக்கரல் அயோடின்-131 இருந்த பை, 80 நாளில் சுமார் 7,800 பெக்கரலுக்கு வந்துவிடும். டெக்னீஷியத்துக்கு இரண்டரை நாளே போதும்.

எனவே மருத்துவமனைகளில் இதற்கென்று பூட்டிய அறை வைத்திருக்கிறார்கள். கழிவு உண்டாகும் இடத்திலேயே அதைப் பிரிக்க வேண்டும். 6 மணி நேரப் பொருளையும் 8 நாள் பொருளையும் ஒரே பையில் போட்டால், முழுப் பையும் 8 நாள் பொருளுக்காகக் காத்துக் கிடக்க நேரிடும். ஊசி போன்ற கூரிய பொருள்களைத் துளைக்க முடியாத பெட்டியில் தனியாகப் போட வேண்டும். ஒவ்வொரு பையிலும் என்ன ஐசோடோப்பு, எவ்வளவு, எந்தத் தேதி என்று எழுத வேண்டும்.

காலம் முடிந்ததும் அப்படியே தூக்கிப் போட்டுவிடுவதில்லை. அளவுமானியை வைத்துப் பார்க்கிறார்கள். சுற்றுப்புறத்தில் இயல்பாக உள்ள கதிர்வீச்சு அளவுக்கு இறங்கி, சட்டம் விதித்த வரம்புக்குள் வந்திருந்தால்தான் அது வெளியே போகும். அப்போதும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மஞ்சள் பின்னணியில் மூன்று இதழ்கள் வரைந்த எச்சரிக்கைச் சின்னத்தை நீக்கவோ அழிக்கவோ வேண்டும். இல்லாவிட்டால் குப்பை அள்ளுபவர் வீணாகப் பயப்படுவார். அதைவிடத் தீங்கு, ஆபத்தில்லாத பைகளில் அந்தச் சின்னத்தைப் பலமுறை பார்த்துப் பழகியவர், ஒருநாள் உண்மையான ஆபத்தையும் பொருட்படுத்தமாட்டார்.

கதிரியக்கம் தணிந்த அந்தப் பை இப்போது வெறும் மருத்துவக் கழிவு. கிருமிகள் இருக்கலாம் என்பதால், மற்ற மருத்துவக் கழிவோடு அதுவும் எரியுலைக்குப் போகும்.

இரண்டாம் வழி: எரித்துச் சுருக்குதல்

காத்திருந்து தீராத கழிவும் உண்டு. கார்பன்-14 அரை ஆயுள் 5,730 ஆண்டு. சீசியம்-137க்கு 30 ஆண்டு. அணுமின் நிலையங்கள் உள்ள நாடுகளில் இத்தகைய கழிவு மலைபோல் சேரும். பெல்ஜியத்தில் டெசெல், பிரான்சில் மார்கூல் ஆகிய இடங்களில் இதற்கான எரியுலைகள் இருக்கின்றன. சுவிட்சர்லாந்தின் வூரென்லிங்கனில் பிளாஸ்மா சுடரால் கழிவை உருக்கிக் கண்ணாடி போன்ற கட்டியாக்குகிறார்கள்.

இவை வீட்டுக் கொல்லையில் குப்பை எரிப்பதுபோல் வேலை செய்வதில்லை. முதலில் தரம் பிரிப்பு நடக்கும். பேட்டரி, தெளிப்பான் கலன் போன்றவை வெடிக்கும். அவை உள்ளே போகக் கூடாது. பிவிசி நெகிழி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வந்து உலையையும் குழாய்களையும் அரிக்கும். எனவே அதற்கு வரம்பு உண்டு. பாதரசம் ஆவியாகிவிடும் என்பதால் அதற்கும் இடமில்லை.

உலை பொதுவாக இரண்டு அறைகள் கொண்டது. முதல் அறையில் 900 டிகிரி அளவில் கழிவு எரிகிறது. அங்கிருந்து எழும் புகையில் எரியாத துகள்கள் இருக்கும். அவை இரண்டாவது அறையில் இன்னும் அதிக வெப்பத்தில் முழுமையாக எரிகின்றன. உலைக்குள் இருக்கும் காற்றழுத்தம் வெளியில் இருப்பதைவிடச் சற்றுக் குறைவாக வைக்கப்படும். எங்காவது விரிசல் விட்டாலும் வெளிக்காற்று உள்ளே போகுமே தவிர, உள்ளிருக்கும் புகை வெளியே வராது. எளிய இயற்பியல்தான், ஆனால் அங்கு வேலை செய்பவர்களைக் காப்பாற்றுவது அதுதான்.

பிறகு புகை வேகமாகக் குளிரவைக்கப்படுகிறது. பை வடிகட்டிகள் பெரிய தூசியைப் பிடிக்கின்றன. அடுத்து வரும் மிக நுண்ணிய வடிகட்டி, 0.3 மைக்ரோமீட்டர் அளவுள்ள துகள்களில்கூட 99.97 விழுக்காட்டைப் பிடித்துவிடும். அமில வாயுக்களை நீர்த் தூவல் கழுவி எடுக்கிறது. அயோடினைக் கரிப்பொடி உறிஞ்சிக்கொள்கிறது. கடைசியாக, புகைபோக்கியில் பொருத்திய கருவி வெளியேறும் காற்றை இடைவிடாமல் அளக்கிறது.

இவ்வளவு வடிகட்டியும் பிடிக்க முடியாத இரண்டு பொருள்கள் உண்டு. டிரிட்டியம் என்பது ஹைட்ரஜனின் ஒரு வடிவம், எரிந்தால் நீராவியாகிவிடும். கார்பன்-14 எரிந்தால் கரியமில வாயு. இவை துகள்கள் அல்ல என்பதால் தூசி வடிகட்டியைத் தாண்டிப் போய்விடும். ஆகையால் இந்த இரண்டும் எவ்வளவு உள்ளே போகலாம் என்பதற்கே உரிமத்தில் வரம்பு வைக்கிறார்கள். வெளியே வருவதைத் தடுக்க முடியாதபோது, உள்ளே போவதைக் கட்டுப்படுத்துகிறார்கள்.

எரியுலைகளில் இன்னோர் ஆபத்தும் உண்டு. 2011 செப்டம்பர் 12 அன்று மார்கூல் ஆலையில், தாழ்நிலைக் கதிரியக்க உலோகத்தை உருக்கும் உலை ஒன்று வெடித்தது. ஒரு தொழிலாளி இறந்தார், நால்வர் காயமடைந்தனர். ஆலைக்கு வெளியே கதிரியக்கம் பரவவில்லை. அந்த உயிரைப் பறித்தது கதிர்வீச்சு அன்று, உலையின் வெடிப்பு. ‘தாழ்நிலை’ என்ற சொல் கதிரியக்கத்தின் அளவை மட்டுமே சொல்கிறது. சூடான உலையின் அருகில் நிற்பவருக்கு அது எந்த உத்தரவாதமும் தருவதில்லை.

மூன்றாம் வழி: அடைத்துக் காத்தல்

எரித்த சாம்பலை என்ன செய்வது? பெரும்பாலும் 200 லிட்டர் இரும்புப் பீப்பாய்களில் அடைத்து, அழுத்தி நசுக்கி, சிமெண்டு ஊற்றிக் கெட்டியாக்குகிறார்கள். பிறகு கான்கிரீட் அறைகளில் வைக்கிறார்கள்.

இங்கிலாந்தின் டிரிக் என்ற இடத்தில் 1959 முதல் கழிவு சேமிக்கப்படுகிறது. தொடக்கத்தில் அகழி வெட்டிக் கழிவை அப்படியே கொட்டி மண்ணால் மூடினார்கள். பிறகுதான் கொள்கலன்களில் அடைத்துக் கான்கிரீட் அறைகளில் அடுக்கும் முறை வந்தது. பிரான்சில் 1992இல் திறக்கப்பட்ட ஓப் சேமிப்பகம் 10 லட்சம் கன மீட்டர் கழிவைக் கொள்ளும் வகையில் கட்டப்பட்டது. அது மூடப்பட்ட பிறகும் 300 ஆண்டு வரை கண்காணிக்கப்படும்.

ஏன் 300 ஆண்டு? சீசியம்-137இன் அரை ஆயுளான 30ஐப் பத்தால் பெருக்கிப் பாருங்கள். மருத்துவமனை அறையில் 80 நாள் காத்திருந்த அதே கணக்குதான் இங்கே 300 ஆண்டாக நீண்டிருக்கிறது.

சேமிப்பகத்தில் வேலை செய்பவர்கள் மூன்று விதிகளை மறப்பதில்லை. அருகில் இருக்கும் நேரத்தைக் குறை; தூரத்தைக் கூட்டு; நடுவில் தடுப்பு வை. சிறிய மூலத்திலிருந்து 1 மீட்டரில் நிற்பவர் 3 மீட்டருக்கு நகர்ந்தால், அவர் மீது படும் கதிர்வீச்சு 9இல் ஒரு பங்காகும். ஆல்ஃபா துகளைத் தடுக்க ஒரு தாள் போதும். காமா கதிருக்குக் காரீயமோ தடித்த கான்கிரீட்டோ வேண்டும். அனைத்துலகப் பரிந்துரைப்படி, இத்தகைய பணிகளால் பொதுமக்களுக்குச் சேரும் கூடுதல் கதிர்வீச்சு ஆண்டுக்கு 1 மில்லிசீவெர்ட்டைத் தாண்டக் கூடாது. மண், பாறை, வானம் ஆகியவற்றிலிருந்து நாம் இயல்பாகப் பெறுவது உலகச் சராசரியில் ஆண்டுக்குச் சுமார் 2.4 மில்லிசீவெர்ட்.

எரியாத கழிவு: புக்கிட் மேரா

இந்த மூன்று வழிகளில் எது எங்கே பொருந்தும் என்பதை நம் நாட்டு வரலாறே கற்றுத் தந்திருக்கிறது.

ஈயலம்பங்களில் ஈயத்தைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சும் மணலுக்கு ‘அமாங்’ என்று பெயர். அதில் மோனசைட் என்ற கனிமம் உண்டு. அதிலிருந்து அருமண் தனிமங்களைப் பிரித்தெடுக்க, ஈப்போவுக்கு அருகில் புக்கிட் மேராவில் 1982இல் ஏஷியன் ரேர் எர்த் ஆலை இயங்கத் தொடங்கியது. அருமண் தனிமங்களில் ஒன்றான இட்ரியம், அக்கால வண்ணத் தொலைக்காட்சியில் சிவப்பு நிறம் வருவதற்குத் தேவைப்பட்டது. மோனசைட்டில் தோரியமும் சேர்ந்தே இருக்கும். அது கழிவாக மிஞ்சியது.

தோரியம்-232இன் அரை ஆயுள் சுமார் 1,400 கோடி ஆண்டு. பூமியின் வயதோ ஏறக்குறைய 450 கோடி ஆண்டுதான். எனவே காத்திருத்தல் என்ற வழி அடைபட்டுவிட்டது. தோரியக் கழிவு மண்ணைப் போன்ற கனிமப் பொருள், அது எரியாது. ஆகவே எரித்தல் என்ற வழியும் இல்லை. மிஞ்சியது அடைத்துக் காக்கும் வழி ஒன்றே.

அதை எங்கே அடைப்பது என்பதில்தான் பிரச்சினை வெடித்தது. பாப்பான் என்ற சிற்றூருக்கு அருகில் கழிவுக் குழிகள் வெட்டப்படுவதை அறிந்த மக்கள் 1984இல் போராட்டத்தில் இறங்கினர். 1985இல் புக்கிட் மேரா மக்கள் நீதிமன்றம் சென்றனர். ஈப்போ உயர்நீதிமன்றம் 1992 ஜூலையில் ஆலையை மூட உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் 1993 டிசம்பரில் அத்தீர்ப்பை மாற்றியது. ஆனாலும் 1994இல் ஆலை மூடப்பட்டது. பின்னர் ஆலைக் கட்டடங்களும், மாசுபட்ட மண்ணும் அகற்றப்பட்டு, கழிவு கிளேடாங் மலைப்பகுதியில் இதற்கென்று கட்டப்பட்ட சேமிப்பகத்துக்குக் கொண்டு செல்லப்பட்டது. ஆலை இயங்கியது பத்தாண்டு சொச்சம். ஆலை மூடிய பிறகு நடந்த துப்புரவு வேலை அதைவிட நீண்டது.

தோரியம் பெரும்பாலும் ஆல்ஃபா துகளை வெளிவிடும். நம் தோலைத் தாண்டி அது போகாது. ஆனால் கழிவு காய்ந்து தூசியாகப் பறந்து மூச்சில் கலந்தால், நுரையீரலுக்குள் இருந்தபடியே கதிர்வீசும். அதனால் மூடி வைப்பதும், காற்றிலும் நீரிலும் கலக்காமல் தடுப்பதும் இங்கே மிக முக்கியம்.

இந்தக் காலக்கட்டத்தில்தான் அணுசக்தி உரிமச் சட்டம் 1984 வந்தது. அடுத்த ஆண்டு அதற்கான வாரியம் அமைந்தது. இன்று மருத்துவமனையோ தொழிற்சாலையோ கதிரியக்கப் பொருளை வைத்திருக்க உரிமம் வேண்டும். காத்திருந்து தீராத கழிவு, பாங்கியில் உள்ள மலேசிய அணுசக்தி நிறுவனத்தின் பொறுப்புக்குப் போகிறது.

நாம் கேட்க வேண்டியவை

நாளை உங்கள் ஊருக்கு அருகில் இப்படி ஓர் எரியுலையோ சேமிப்பகமோ வரப்போகிறது என்று செய்தி வந்தால் என்ன செய்வீர்கள்? “கதிரியக்கமா, ஆபத்து!” என்று கத்துவதும் எளிது, “தாழ்நிலைதானே, பரவாயில்லை” என்று விட்டுவிடுவதும் எளிது. இரண்டுமே கணக்குப் போடாத பதில்கள்.

அறிவியல் படித்தவர் வேறு கேள்விகளைக் கேட்பார். கழிவில் உள்ள ஐசோடோப்பு எது? அதன் அரை ஆயுள் எவ்வளவு? எத்தனை பெக்கரல்? எரித்தால் புகையில் போவது எது, சாம்பலில் தங்குவது எது? சாம்பல் எங்கே போகும்? புகைபோக்கியில் அளக்கும் எண்களை ஊர்மக்கள் பார்க்க முடியுமா? ஆலை மூடப்பட்ட பிறகு யார் காவல், யார் செலவு?

பாப்பான் மக்களில் பலர் அறிவியல் அறிஞர்கள் அல்லர். குழி எப்படி வெட்டப்படுகிறது என்று அவர்கள் கேட்டதால்தான், அந்தக் கழிவு வேறிடத்துக்குப் போனது.

செய்து பாருங்கள்

1. ஒரு மருத்துவமனைப் பையில் 16 லட்சம் பெக்கரல் அயோடின்-131 உள்ளது. அது 1 லட்சம் பெக்கரலாகக் குறைய எத்தனை நாள் ஆகும்?

2. 50 நாணயங்களைக் குலுக்கிப் போடுங்கள். தலை விழுந்தவற்றை நீக்கிவிட்டு, மிஞ்சியதை மீண்டும் குலுக்குங்கள். ஒவ்வொரு முறையும் மிஞ்சும் எண்ணிக்கையை வரைபடத்தில் குறியுங்கள். எந்த வடிவம் கிடைக்கிறது? நாணயங்களை முதலில் வெந்நீரில் போட்டு எடுத்தால் வரைபடம் மாறுமா?

3. டிரிட்டியம் கலந்த துணி, சீசியம்-137 படிந்த கையுறை, தோரியம் கலந்த மணல், டெக்னீஷியம்-99எம் பட்ட பஞ்சு. இந்த நான்குக்கும் எந்த வழி பொருந்தும்? காரணத்தோடு எழுதி உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.

முதல் கேள்விக்கு விடை: 16 லட்சம் நான்கு முறை பாதியானால் 1 லட்சம். நான்கு அரை ஆயுள், அதாவது 32 நாள்.